பண்டைய உலகில் ஆண், பெண், காமம்: அவர்கள் கேட்ட கேள்வியே வேறு

கேள்வி இதுதான்: "கிரேக்கத்திலும் ரோமிலும் தன்பால் காதல் சர்வசாதாரணமாக இருந்தது, பிற்காலத்து மதங்கள் வந்துதான் எல்லாவற்றையும் கெடுத்தன என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம், ஆதியிலிருந்தே ஆண் வேட்டைக்குப் போனான், பெண் வீட்டைப் பார்த்துக்கொண்டாள், அதுதான் இயற்கை என்கிறார்கள். இரண்டில் எது உண்மை?"

இரண்டுமே இல்லை. இரண்டு தரப்பும் இன்றைக்கு நமக்கு இருக்கிற சண்டையைத் தூக்கிக்கொண்டு போய் மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய மனிதர்கள் தலையில் கட்டுகிறார்கள். "நீ ஆண்மேல் ஆசைப்படுகிறவனா, பெண்மேல் ஆசைப்படுகிறவனா" என்ற கேள்வியை வைத்து ஒரு மனிதனை அடையாளப்படுத்தும் பழக்கம் அங்கே அநேகமாக இல்லை. அவர்கள் முதலில் கேட்டதெல்லாம் வேறு. நீ சுதந்திரமானவனா, அடிமையா? குடியுரிமை உண்டா? உனக்கு அப்பன் யார், உன் சொத்து யாருக்குப் போகும்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்த பிறகுதான் யாரோடு படுக்கலாம், யாரோடு படுத்தால் குற்றம், யார் முக்காடு போட வேண்டும், யார் போடக்கூடாது என்பதெல்லாம் வந்தது. நான் இதைப் பல வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், படிக்கப் படிக்க இந்த ஒரு விஷயம்தான் மேலும் மேலும் உறுதியாகிறது.

ஏதென்ஸிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்வது அதைத்தான். கி.மு. 400-ஐ ஒட்டி அங்கே ஒரு கொலை வழக்கு நடந்தது. யூஃபிலிட்டஸ் என்ற சாதாரணக் குடிமகன், தன் மனைவியோடு இருந்த எரடோஸ்தனிஸ் என்பவனைக் கையும் களவுமாகப் பிடித்து அங்கேயே கொன்றுவிட்டான். சட்டப்படி எனக்கு உரிமை உண்டு என்று நீதிமன்றத்தில் அவன் வாதாடிய உரை, லிசியஸ் என்ற உரை எழுத்தாளர் எழுதிக்கொடுத்தது, அப்படியே நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில் அவன் தன் வீட்டை விவரிக்கிறான்: சின்ன வீடு, இரண்டு தளம், பெண்களுக்கு மேலே, ஆண்களுக்குக் கீழே. குழந்தை பிறந்ததும், அதைக் குளிப்பாட்ட ஒவ்வொரு முறையும் படியிறங்கும்போது மனைவி விழுந்துவிடக்கூடாதே என்று இடத்தை மாற்றிக்கொள்கிறார்கள். இவன் மேலே போகிறான், பெண்கள் கீழே வருகிறார்கள். ஒருநாள் வயற்காட்டிலிருந்து எதிர்பாராமல் வீடு திரும்புகிறான். சாப்பாடு முடிந்ததும் கீழே குழந்தை வீறிட்டு அழுகிறது, வேலைக்காரப் பெண் வேண்டுமென்றே அதை அழவைக்கிறாள் என்பது பிறகுதான் இவனுக்குத் தெரியவருகிறது. "போய்ப் பால் கொடு" என்று மனைவியிடம் சொல்கிறான். அவளோ, "நான் போனதும் நீ அந்த வேலைக்காரியிடம் வாலாட்டவா, முன்பே குடித்துவிட்டு அவளைப் பிடித்து இழுத்தவன்தானே" என்று கேட்க, இவன் சிரிக்கிறான். அவள் விளையாட்டுபோலக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போய்விடுகிறாள். ராத்திரி கதவு கிறீச்சிடும் சத்தம் கேட்டதே என்று காலையில் கேட்டால், விளக்கு அணைந்துவிட்டது, பக்கத்து வீட்டில் போய் ஏற்றிக்கொண்டு வந்தேன் என்கிறாள். அவள் சகோதரன் செத்து முப்பது நாள்கூட ஆகவில்லை, ஆனால் அவள் முகத்தில் வெள்ளைப் பூச்சு இருந்ததை அவன் கவனிக்கிறான், ஒன்றும் சொல்லாமல் வெளியே போகிறான்.

இதில் பார்க்க வேண்டியது இரண்டு. அந்த வேலைக்காரப் பெண்ணைப் பிடித்து இழுத்ததை அவன் நீதிமன்றத்திலேயே, எல்லோர் முன்னாலும், கூச்சமில்லாமல் சொல்கிறான். ஏனென்றால் அவள் அடிமை, அவன் எஜமான், அதில் சட்டத்துக்கு வேலையில்லை. அப்புறம், அவன் வைக்கிற முக்கியமான வாதம்: பலாத்காரம் செய்கிறவனைவிட, பெண்ணை மயக்கிக் கெடுக்கிறவன்தான் பெரிய குற்றவாளியாம். காரணம், அவன் மனைவியின் மனசையே மாற்றிவிடுகிறான், பிறக்கிற பிள்ளை கணவனுக்குப் பிறந்ததா இல்லையா என்பதும் தெரியாமல் போகிறது. அந்த ஊரின் மொத்த ஒழுக்கக் கவலையும் இந்த ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. பிள்ளை யாருடையது? அந்த மனைவி என்ன நினைத்தாள், அவளுக்கு என்ன வேண்டியிருந்தது என்று யாரும் கேட்கவில்லை. உரை முழுக்க அவள் பெயர்கூட இல்லை. அந்த அடிமைப் பெண்ணின் பெயரும் இல்லை, அவளிடமிருந்து உண்மையை வாங்க, சவுக்கால் அடித்து மாவரைக்கும் ஆலையில் தள்ளிவிடுவேன் என்று மிரட்டியதை மட்டும் அவனே சொல்கிறான்.

பிள்ளை பற்றிய இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். கி.மு. 451-இல் ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டத்தின்படி அப்பா, அம்மா இருவரும் ஏதென்ஸ்காரராக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. (அந்தச் சட்டம் கடைசியில் அவரையே கடித்தது. முறைப்படி பிறந்த இரண்டு மகன்களும் கொள்ளைநோய்க் காலத்தில் இறந்துபோக, மிலீட்டஸ் ஊர்க்காரியான அஸ்பேசியாவுக்குப் பிறந்த மகனுக்கு விலக்குக் கேட்டு மக்களிடமே கெஞ்ச வேண்டியதாயிற்று.) ஓட்டு, நிலம், பதவி எல்லாம் அந்த ஒரு பிறப்பில் தொங்கியதால் மனைவியைக் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்தார்கள். சகோதரன் இல்லாத பெண், அப்பா இறந்தால், சொத்தோடு சேர்த்து அப்பா வழி நெருங்கிய ஆண் உறவினருக்கு மனைவியாகப் போக வேண்டும். ஒரு மூட்டை பார்லிக்கு மேல் மதிப்புள்ள எதையும் அவளாக விற்கவோ வாங்கவோ சட்டம் விடவில்லை.

சரி, இதே ஏதென்ஸில் ஆண்-ஆண் காதல் எப்படி இருந்தது? இருந்தது, வெளிப்படையாகவே இருந்தது, ஆனால் நாம் கற்பனை செய்கிற மாதிரி இல்லை. வயதில் மூத்த ஒருவன், இன்னும் மீசை முளைக்காத ஒரு பையன், இதுதான் அவர்கள் புகழ்ந்த வடிவம். இதைக் காதல் சுதந்திரம் என்று இன்று கொண்டாடுகிறவர்கள் அந்தப் பையனின் வயதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். நான் அதைக் கொண்டாடத் தயாரில்லை. அந்தப் பையனும் நாளைக்குக் குடிமகன் ஆகப்போகிறவன் என்பதால், அவன் ஆசைப்படுவதாகக் காட்டிக்கொள்ளக்கூடாது, சட்டென்று இணங்கிவிடக்கூடாது, காசு வாங்கவே கூடாது என்று ஏகப்பட்ட நிபந்தனைகள். கி.மு. 345 வாக்கில் ஐஸ்கினிஸ் என்ற பேச்சாளர், டிமார்க்கஸ் என்ற அரசியல்வாதிமேல் வழக்குப் போட்டார்: இளம் வயதில் தன் உடலை விற்றவன், ஆகவே மக்கள் மன்றத்தில் பேச இவனுக்கு உரிமையில்லை என்று. வழக்கில் ஜெயித்தும்விட்டார். ஆச்சரியம் என்னவென்றால், அதே உரையில் ஐஸ்கினிஸ், நானும் பையன்கள்மேல் காதல் கொண்டவன்தான், கவிதைகள்கூட எழுதியிருக்கிறேன் என்று தானே ஒப்புக்கொள்கிறார். ஆக, ஆணை விரும்புவது அங்கே குற்றமில்லை. குடிமகனாக இருந்துகொண்டு அடிமை மாதிரி உடலை இன்னொருவன் காசுக்குக் கொடுத்ததுதான் குற்றம். தன்னையே விற்றவன் நாளைக்கு நாட்டையும் விற்பான் என்பது அவர் வாதம்.

இதற்கு முற்றிலும் வேறு மாதிரியும் கிரேக்கத்திலேயே இருந்தது. தீப்ஸ் நகரில் 300 பேர் கொண்ட ஒரு படையை, காதலர் இணைகளாகச் சேர்த்து அமைத்தார்கள் என்று பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். காதலன் பார்த்துக்கொண்டிருக்கும்போது எவனும் புறமுதுகு காட்டமாட்டான் என்பதுதான் கணக்கு. கி.மு. 338-இல் கைரோனியாவில் மாசிடோனிய மன்னன் ஃபிலிப்பின் படை அவர்களை அழித்தது. அங்கே நிற்கும் கல் சிங்கத்தின் அடியில் தோண்டியபோது, ஏழு வரிசைகளில் கிடத்திய 254 எலும்புக்கூடுகள் கிடைத்தன.

ஸ்பார்டா இன்னொரு உலகம். பெண்பிள்ளைகளுக்கு ஓட்டம், மல்யுத்தம், வெளியில் திறந்தவெளியில் பயிற்சி. ஏதென்ஸில் பதினான்கு, பதினைந்து வயதில் கல்யாணம் என்றால் அங்கே இன்னும் சில வருஷம் தள்ளித்தான். நிலம் பெண்கள் பேரிலேயே இருந்தது, கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு நிலம் பெண்கள் கையில் போய்விட்டது என்று அரிஸ்டாட்டில் புலம்புகிறார். ஸ்பார்டா சரிந்ததற்கே அது ஒரு காரணம் என்பது அவர் கட்சி. அரச குடும்பத்துப் பெண்ணான கினிஸ்கா, ஒலிம்பிக் தேர்ப்பந்தயத்தில் கி.மு. 396-இலும் 392-இலும் ஜெயித்தார், ஏனென்றால் பரிசு ஓட்டுகிறவனுக்கு இல்லை, குதிரைகளின் சொந்தக்காரருக்கு. கிரேக்கப் பெண்களிலேயே இந்தக் கிரீடத்தை வென்றவள் நான் ஒருத்திதான் என்று கல்லில் வெட்டியும் வைத்தார். ஆனால் இதை வைத்து ஸ்பார்டாவைப் பெண்ணுரிமைக் கோட்டை என்று சொல்லிவிடாதீர்கள். ஆண்கள் பாசறையிலும் போரிலும் கிடக்க, வயலில் உழைத்தது ஹெலட் என்ற அடிமை இனம். அந்த அடிமைப் பெண்களுக்கு எந்த மைதானமும் இல்லை. திடமான படைவீரனைப் பெற்றுத்தர வேண்டும் என்பதற்காகத்தான் பெண்பிள்ளைகளை ஓடவைத்தார்கள்.

ரோமில் இந்தக் கணக்கு இன்னும் பச்சையாகத் தெரியும். ஒரு ரோமானியக் குடிமகன் ஆணோடு உறவு வைக்கிறானா, பெண்ணோடு வைக்கிறானா என்பதைவிட, அந்த உறவில் அவன் ஆளுகிறவனாக இருக்கிறானா, எதிரில் இருப்பது யார் என்பதுதான் பேச்சு. குடிமகனின் மனைவி, மகள், மகன் ஆகியோரைத் தொட்டால் குற்றம், கழுத்தில் தாயத்து மாதிரி தொங்கும் புல்லா என்ற பதக்கம் "இவன் சுதந்திரமாகப் பிறந்த பையன், கை வைக்காதே" என்பதற்கு அடையாளமாகவே இருந்தது. அடிமைக்கு அந்தப் பதக்கம் கிடையாது. ஹட்டேரியஸ் என்ற பேச்சாளர் ஒரு வழக்கில் சொன்ன வாசகத்தை மூத்த செனகா பதிந்து வைத்திருக்கிறார்: கற்பிழப்பு என்பது சுதந்திரப் பிறவிக்குக் குற்றம், அடிமைக்குக் கட்டாயம், விடுதலையான அடிமைக்கோ கடமை. ரோமானியப் பாலியல் ஒழுக்கத்தைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினாலும் இந்த ஒற்றை வரியைத் தாண்ட முடியாது. அந்தக் காலத்து "சுதந்திரம்" யாருடைய உடலின்மேல் கட்டப்பட்டது என்பதை இது அப்படியே சொல்லிவிடுகிறது. மதம் வந்துதான் கெடுத்தது என்கிறவர்கள் இந்த அடிமைகளை மறந்துவிடுகிறார்கள், அதுதான் எனக்குத் தாங்கமுடியாத விஷயம்.

ஹேட்ரியன் பேரரசர் கதையும் இதே இடத்துக்குத்தான் வரும். அவர் காதலித்த ஆன்டினஸ் என்ற இளைஞன் கி.பி. 130-இல் நைல் நதியில் மூழ்கி இறந்தான். ஹேட்ரியன் அவன் பெயரில் ஒரு நகரத்தையே கட்டினார், அவனைத் தெய்வமாக்கினார். பிற்கால வரலாற்றாசிரியர் ஒருவர் இதைச் சொல்லும்போது குறையாகப் பிடிப்பது காதலை இல்லை, பேரரசர் "பெண்ணைப் போல அழுதார்" என்பதைத்தான்.

பெண்களுக்கு இடையிலான காதலைப் பற்றி இந்த ஆண்கள் எழுதியது சொற்பம், எழுதியதும் பெரும்பாலும் கேலி. லெஸ்பாஸ் தீவில் கி.மு. 600 வாக்கில் வாழ்ந்த சாஃபோவின் கவிதைகள் மட்டும் துண்டு துண்டாக நிற்கின்றன. காதலிக்கிறவளைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, தோலுக்கடியில் நெருப்பு ஓடுகிறது, காது இரைகிறது என்று அவர் எழுதியதைப் படித்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

இப்போது நான் உண்மையில் சொல்ல ஆசைப்படுகிற இடத்துக்கு வருகிறேன். "பாரம்பரியம்" என்று ஒன்று ஆதியிலிருந்து மாறாமல் வந்தது என்று நினைக்கிறவர்களுக்கு அசூர் நகரத்தைத்தான் காட்டுவேன். இன்றைய இராக்கில், டைகிரிஸ் கரையில் இருந்த நகரம். கி.மு. 19-ஆம் நூற்றாண்டில் அது வணிகர் ஊர். அங்கிருந்து சுமார் 1000 கிலோமீட்டர் தள்ளி, இன்றைய துருக்கியில் இருக்கும் கானேஷுக்குக் கழுதைகளில் தகரமும் துணியும் போகும், வெள்ளியும் தங்கமும் திரும்பும். கானேஷில் இருபதாயிரத்துக்கும் அதிகமான களிமண் பலகைகள் கிடைத்திருக்கின்றன, அநேகமாக எல்லாமே வியாபாரக் கடிதங்கள், கணக்குகள், ஒப்பந்தங்கள். துணி நெய்ததும் நெய்வித்ததும் ஊரில் இருந்த மனைவிமார். லமாசி என்ற பெண் தன் கணவன் பூஷு-கென்னுக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. எத்தனை துணி யார் கையில் அனுப்பினேன் என்று கணக்குச் சொல்வாள், விலை சரியாக வரவில்லை என்பாள், ஒரு கடிதத்தில், நீ போன பிறகு ஷலிம்-அகும் இரண்டு தடவை வீடு கட்டிவிட்டான், நாம் எப்போது கட்டப்போகிறோம் என்று கேட்பாள். நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய களிமண்ணில் இந்த வரியைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதே கானேஷில் லகீபும் என்பவனுக்கும் ஹட்டாலா என்பவளுக்கும் நடந்த கல்யாண ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. அவன் விவாகரத்து செய்தால் ஐந்து மினா (சுமார் இரண்டரைக் கிலோ) வெள்ளி தர வேண்டும், அவள் செய்தாலும் அதே ஐந்து மினா. இரண்டு வருஷத்தில் பிள்ளை பிறக்காவிட்டால் அவளே ஓர் அடிமைப் பெண்ணை வாங்கித்தர வேண்டும் என்ற வரியும் அதிலேயே இருக்கிறது. சமத்துவம் எங்கே வந்து நின்றுவிடுகிறது என்று பாருங்கள்.

அதே அசூரில், ஏழெட்டு நூற்றாண்டு கழித்து, இன்னொரு பலகைத் தொகுதி கிடைக்கிறது. இப்போது அது வணிகர் ஊர் இல்லை, போர் செய்து வளரும் ஒரு பேரரசின் தலைநகரம். அந்தச் சட்டங்களில் ஒன்று முக்காடு பற்றியது. குடும்பப் பெண்கள், விதவைகள், மகள்கள் தெருவில் தலையை மூடாமல் வரக்கூடாது. விலைமகளும் அடிமைப் பெண்ணும் மூடவே கூடாது. மீறி முக்காடு போட்ட விலைமகளைப் பிடித்தால் ஐம்பது அடி, தலையில் கீல் ஊற்ற வேண்டும். அடிமைப் பெண் என்றால் காதை அறுக்க வேண்டும். பார்த்தும் பிடித்துக்கொடுக்காமல் விட்ட ஆணுக்கும் ஐம்பது அடி, காதைத் துளைத்துக் கயிறு கோத்துப் பின்னால் கட்டி, ஒரு மாதம் அரசனுக்கு வேலை. அதாவது முக்காடு பக்திக்காக வந்தது இல்லை, கூச்சத்துக்காகவும் இல்லை. யார் ஓர் ஆணின் பாதுகாப்பில் இருக்கிறாள், யார் இல்லை என்பதைத் தெருவில் போகிறவன் ஒரு பார்வையில் தெரிந்துகொள்வதற்கான ஏற்பாடு அது. லமாசியின் ஊர்தான் இது. அதே மண், அதே மொழி, அதே தெய்வம். ஊர் எதை வைத்துப் பிழைத்தது என்பது மாறியது, சட்டம் மாறியது, பெண்ணின் நிலையும் மாறிவிட்டது.

இந்தச் சட்டத் தொகுப்பிலேயே ஆணோடு உறவு கொண்ட ஆணுக்குக் கொடூரமான தண்டனையும் இருக்கிறது. ஆனால் பக்கத்துக் கோயில்களில், இனன்னா அல்லது இஷ்தார் தெய்வத்தின் சேவையில், ஆண் என்றும் பெண் என்றும் அடக்கமுடியாத அசின்னு, குர்கர்ரூ போன்றவர்கள் ஆடிப்பாடிக்கொண்டிருந்தார்கள். ஆணைப் பெண்ணாக்குவதும் பெண்ணை ஆணாக்குவதும் உன் கையில் என்று இனன்னாவைப் போற்றும் சுமேரியப் பாடலே இருக்கிறது. ஒரே நாகரிகம், இரண்டு முகம். இதில் ஒன்றை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டுகிறவர்களை நம்பாதீர்கள். பாபிலோனில் ஒவ்வொரு பெண்ணும் ஒருமுறை கோயிலில் அந்நியனோடு படுக்க வேண்டும் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிய கதையையும் அப்படியே நம்பிவிடாதீர்கள், பாபிலோன்காரர்கள் தாங்களே எழுதிவைத்த பலகைகளில் அப்படி ஒரு கட்டாயம் தென்படவில்லை.

வேட்டை, அடுப்படி விஷயத்துக்கு வருவோம். பெருவின் ஆண்டிஸ் மலையில் சுமார் 9000 வருஷம் பழைய புதைகுழி ஒன்றில் ஈட்டிமுனைகளும் வேட்டைக் கருவிகளும் அடங்கிய ஒரு தொகுப்பு கிடைத்தது, புதைக்கப்பட்டவர் ஓர் இளம்பெண் என்று 2020-இல் வெளியிட்டார்கள். ஸ்பெயினில் செவில் அருகே வலென்சினாவில் 2008-இல் யானைத் தந்தத்தோடு புதைக்கப்பட்ட, அந்த வட்டாரத்திலேயே பெரும் செல்வாக்குள்ள ஒருவர் கிடைத்தபோது "இளைஞன்" என்று எழுதிவைத்தார்கள். 2023-இல் பல் எனாமலை ஆராய்ந்தால் அவர் பெண். எரிமலை அழித்த ரோமானிய நகரமான பொம்பேயியில் தங்கக் காப்பு அணிந்து மடியில் குழந்தையோடு செத்துக்கிடந்தவரைத் தாய் என்றே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். 2024-இல் மரபணுவைப் பார்த்தால் அவர் ஆண், அந்தக் குழந்தைக்கு உறவே இல்லை. நகை என்றால் பெண், குழந்தை என்றால் தாய், ஆயுதம் என்றால் ஆண் என்று நாம்தான் எழுதிக்கொண்டோம். எலும்பு அப்படி எதுவும் சொல்லவில்லை. இது எல்லாப் பெண்களும் வேட்டையாடினார்கள் என்பதற்கு ஆதாரம் ஆகாது, எந்தப் பெண்ணும் வேட்டையாடியதில்லை என்ற பேச்சைத்தான் உடைக்கிறது.

அதே எச்சரிக்கை, தன்பால் காதல் அன்றே சர்வசாதாரணம் என்கிற பக்கத்துக்கும் வேண்டும். எகிப்தில் சக்காராவில் 1964-இல் திறந்த கல்லறையில், அரசருக்கு நகம் திருத்துவோரின் தலைவர்களாக இருந்த நியாங்க்னும், க்னும்ஹோட்டெப் என்ற இருவர் மூக்கோடு மூக்கு உரசித் தழுவி நிற்கிறார்கள், கணவன் மனைவியை வரைகிற முறையிலேயே. காதலர்கள் என்கிறார்கள் சிலர், இரட்டைச் சகோதரர்கள் என்கிறார்கள் வேறு சிலர். இருவருக்கும் மனைவி, பிள்ளைகள் அதே சுவரில் இருக்கிறார்கள். அந்தத் தழுவல் அழகானது, அதை அழியாத கல்லில் வைக்க அவர்கள் விரும்பினார்கள் என்பது நிச்சயம். அதன்மேல் இன்றைய பெயர்ப்பலகை எதையும் மாட்ட எனக்கு மனசு வரவில்லை.

எகிப்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே பெண் தன் பேரில் சொத்து வைத்திருக்கலாம், வழக்குப் போடலாம், விவாகரத்து கேட்கலாம், யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. ஏதென்ஸ் பெண் ஒரு மூட்டை பார்லியோடு நிற்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இது நடப்பில் இருந்தது. மன்னர்களின் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்களின் ஊரான டெய்ர் எல்-மதீனாவில், கி.மு. 1145-ஐ ஒட்டி நவுனக்தே என்ற வயதான பெண் சாட்சிகள் முன்னால் வந்து தன் உயிலைச் சொன்னாள். முதல் கணவன் அவளைவிட ரொம்ப மூத்த எழுத்தர், அவர் இறந்தபின் ஒரு தொழிலாளியைக் கட்டிக்கொண்டு எட்டுப் பிள்ளைகள் பெற்றவள். நான் பார்வோனின் நாட்டில் ஒரு சுதந்திரமான பெண், இந்த எட்டுப் பேரையும் வளர்த்து ஆளாக்கினேன், அவரவர்க்கு வேண்டியதெல்லாம் கொடுத்தேன், இப்போது எனக்கு வயதாகிவிட்டது, இவர்களோ என்னைக் கவனிப்பதில்லை, எனக்குக் கை கொடுத்தவர்களுக்கு என் சொத்தைக் கொடுப்பேன், கொடுக்காதவர்களுக்குக் கொடுக்கமாட்டேன் என்றாள். நன்றாகப் பார்த்துக்கொண்ட மகன் ஒருவனுக்கு, அவன் பங்குக்கு மேலே, கை கழுவும் வெண்கலப் பாத்திரம் ஒன்றையும் தனியாக எழுதிவைத்தாள்.